பல்லுப் பூச்சியும் கேப்சூலும்

சேர்வராயன் மலையில் வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு தோழர் சென்ற மாதம் நம்மைப் பார்க்க வந்திருந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். இயக்கத்தில் வெகு நாளாகப் பற்றுள்ளவர். தமது கலியாணத்தைப் புரோகிதனில்லாமலும், தகப்பனாருக்குக் கருமாதி, திதி என்பவை ஒன்றுமில்லாமலும் நடத்தி, அதற்காக உற்றார் உறவினரிடம் வேண்டிய அளவு வசவு வாங்கிக் கொண்டவர். அப்பேர்ப்பட்டவர் கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவில் சட்டைப் பையிலிருந்து நாலு கேப்சூல் உள்ள ஒரு துண்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"என்ன மருந்து?" என்றோம்.

"பல்வலிக்குங்க அய்யா. கடையில குடுத்தாங்க."

"பேரென்ன?"

"பேர் தெரியலீங்க. செவப்பும் மஞ்சளுமா இருக்குமே, அது."

"எத்தனை நாளைக்கு?"

"வலி நிக்கிற வரைக்கும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. போன தடவை இதுலதான் நின்னுச்சு."

தோழர்களே! இந்தத் தோழரைப் பரிகசிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆனால் இதே தோழரிடம் ஒரு பூசாரி வந்து, "இந்த விபூதியை வாயில் போட்டுக் கொள், வலி நின்றுவிடும்" என்று சொல்லியிருந்தால் அவர் சும்மா விட்டிருப்பாரா? "இது எதனால் ஆனது, எப்படி வேலை செய்யும், யாருக்கு நின்றது, நிற்காதவன் எத்தனை பேர்" என்று நூறு கேள்வி கேட்டு அந்தப் பூசாரியை மலையை விட்டே இறங்கச் செய்திருப்பார். அவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்தவர், கேப்சூல் என்றவுடன் ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கிவிட்டார். மருந்துக்கடை கண்ணாடி பீரோவுக்குள்ளிருந்து வந்துவிட்டதாலேயே ஒரு வஸ்து விஞ்ஞானமாகி விடுமா என்று கேட்கின்றோம்.

விஷயம் என்னவென்றால், இதன் அடியில் இருப்பது ஒரு பழைய மூடநம்பிக்கையேயாகும். பல்லுப் பூச்சி என்று ஒரு சங்கதி நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாய் இருந்து வருகின்றது. சொத்தைப் பல்லுக்குள் ஒரு பூச்சி குடியிருந்து அரிக்கிறதாம். அதை எடுக்கிறேன் என்று சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஆள் வந்து உட்காருவான். கண்டங்கத்திரி விதையை நெய் தடவிக் காய்ந்த இரும்பின்மேல் போட்டு, புகையை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விட்டு, பிறகு தண்ணீர்ச் சட்டியில் வெள்ளையாய் மிதக்கும் சிறு சிறு துணுக்குகளைக் காட்டி, "பார், உன் பல்லிலிருந்த பூச்சி" என்று காசு வாங்குவான். வெந்து வெடித்த விதையின் உள்ளிருந்து வந்ததுதான் அந்த வெள்ளைத் துணுக்கு. பல்லே இல்லாத கிழவரை உட்கார வைத்துப் புகை போட்டாலும் சட்டியில் அந்தப் 'பூச்சி' விழும். நமது தோழர்கள் எத்தனையோ ஊர்களில் இந்தப் பித்தலாட்டத்தைக் கையும் களவுமாய்க் காட்டியிருக்கிறார்கள்.

இந்த மூடநம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. பாபிலோனியாவிலும் இருந்தது, அய்ரோப்பாவிலும் இருந்தது. பிரான்சு தேசத்தில் பியேர் போஷார் என்ற பல் வைத்தியர் 1728-ம் வருஷத்தில் வெளியிட்ட புத்தகத்தில், தாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு பூச்சியைக் காணவில்லை என்று எழுதினார். 1890-ல் மில்லர் என்ற அமெரிக்கர், வாயிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் தின்கிற சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் புளிக்கச் செய்து அமிலமாக்குவதாலேயே பல் கரைகிறது என்று எடுத்துக் காட்டினார். பூச்சி போயிற்று, கிருமி வந்தது. ஆனால் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? 'பூச்சி' என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கிருமி' என்று வைத்துக் கொண்டார்கள். மற்றதெல்லாம் பழையபடியே! உள்ளே ஒன்று இருந்து அரிக்கிறது, அதைக் கொல்ல ஒன்றை வாயில் போடவேண்டும், செத்தால் வலி நிற்கும். முன்பு புகை, இப்போது கேப்சூல். இதுதான் வித்தியாசம்.

உண்மை அப்படியல்ல. பல்லின் நடுவில் இரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட ஒரு மென்மையான சதை இருக்கின்றது. சொத்தை ஆழமாய்ப் போய் அதைத் தொட்டதும் அது வீங்குகின்றது. உடம்பில் வேறெங்காவது வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லோ கல்லைப்போன்ற சுவர். வீக்கத்திற்கு இடமில்லை, ஆகவே உயிர் போகிற வலி. இந்த வீக்கத்தை எந்தக் கிருமிக்கொல்லி மருந்தும் வடியச் செய்வதில்லை. பிறகு அந்தச் சதை செத்துவிட்டாலோ, அதற்குப் போகும் இரத்தமும் நின்றுவிடும். இரத்தம் போகாத இடத்திற்கு, இரத்தத்தில் கலந்து வருகிற மருந்து எப்படிப் போகும்? தண்ணீர் வராத வாய்க்காலில் உரத்தைக் கரைத்துவிட்டால் கடைமடை வயலுக்கு எப்படிப் போகும்? ஆகையால் பல்லைத் திறந்து கெட்டதை எடுத்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும், சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். கை வேலையால் ஆகவேண்டியது மாத்திரையால் ஆகாது. அதுவரையில் வலிக்கு பாரசிட்டமால், இபுபுரோபென் போன்ற வலிமருந்துகள் உண்டு. வயிற்றுப் புண், மூத்திரக்காய்க் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுபுரோபெனை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

"இதற்கு ருசு என்ன?" என்று நமது வாசகர்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் 40 பல்வலிக்காரர்களை இரண்டு கூட்டமாய்ப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குப் பென்சிலினும் மற்றக் கூட்டத்திற்குப் பார்வைக்கு அதேபோன்ற வெறும் மாத்திரையும் 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இரு கூட்டத்தாருக்கும் வலிமருந்தும் கொடுத்திருந்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிட்டவனுக்கும் தெரியாது. 2000-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. வலி குறைந்ததில் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. 40 பேர் கொஞ்சம்தானே என்றால், ஆம், கொஞ்சந்தான். இவற்றையும், பல்லில் சீழ் கட்டியவர்களைப் பற்றிய மற்ற ஆராய்ச்சிகளையும் சீர்தூக்கிப் பார்த்தே அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2019-ல், உடம்பில் வேறு குறை இல்லாத பெரியவர்களுக்கு, உடனே பல்லுக்குச் சிகிச்சை செய்ய வசதியுள்ள இடத்தில், பல்வலிக்கோ பல்லடியில் உள்ள சீழ்க்கட்டிக்கோ பெரும்பாலும் கிருமிக்கொல்லி கொடுக்க வேண்டியதில்லை என்று முறை வகுத்தது.

அப்படியானால் வெள்ளக்கடைத் தோழருக்குப் "போன தடவை நின்றது" எப்படி என்றால், பல்லின் சதை செத்துப் போயிற்று, நரம்பும் செத்தது, வலி நின்றது. பிள்ளை வரத்துக்கு மண்சோறு தின்றவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அது மண்சோற்றின் மகிமை என்பதும், கேப்சூல் தின்ற பிறகு வலி நின்றால் அது கேப்சூலின் மகிமை என்பதும் ஒரே தர்க்கந்தான். நின்ற வலி நோய் தீர்ந்ததற்கு அடையாளமும் அல்ல. செத்த சதை உள்ளேயே அழுகிக்கொண்டிருந்து சில மாதம் கழித்துச் சீழாய்த் திரும்புகிறது. நமது தோழரின் கன்னம் துண்டில் கட்டப்பட்டதன் காரணம் இதுவே.

நிற்க, கிருமிக்கொல்லியே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துக் கூற வேண்டாம். பல்லிலிருந்து விஷம் பரவி முகம் வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், வாய் திறக்க முடியாமற் போனாலும் அந்த மருந்து அவசியம் வேண்டும். பல்லுக்குச் செய்யவேண்டிய வேலையோடு சேர்த்து வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்லைப்போல் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சுத் திணறினால் அது உயிருக்கே ஆபத்து. 1836-ல் லுத்விக் என்ற ஜெர்மானிய டாக்டர் விவரித்த வியாதி அது. அப்போது கடையில் கேப்சூல் வாங்கி நேரத்தைக் கடத்துவது கொலைக்குச் சமானம். இராத்திரி என்றும் பாராமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இருதயத்தின் உட்சவ்வில் கிருமி தாக்கியவர்கள், சில வகைப் பிறவி இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல்லைப் பிடுங்கும் முன்பே ஒரு வேளை மருந்து கொடுப்பதும் முறைதான். நாம் எதிர்ப்பது மருந்தையல்ல, மருந்தை மந்திரமாக்குவதை.

மந்திரத்திற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மந்திரத்தால் காசு போவதோடு சரி. இது உள்ளே போய் வேலை செய்கிற வஸ்து. பென்சிலின் இனத்து மருந்து ஒவ்வாத உடம்புக்குத் தடிப்பும் அரிப்பும் வரும். சிலருக்கு மூச்சடைத்து இரத்த அழுத்தம் விழுந்து நிமிஷத்தில் உயிரே போய்விடும். முன்பு ஒருமுறை தடித்ததா என்று கடைக்காரர் கேட்டாரா? மெட்ரோனிடசோல் என்பதைச் சாப்பிடும்போது சாராயத்தைத் தொடக்கூடாதென்பது டாக்டர்கள் சொல்லும் எச்சரிக்கை. கூலி வாங்கின சனிக்கிழமை சாயங்காலம் இதை யார் சொன்னார்கள்? டெட்ராசைக்கிளினை 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தால் முளைக்கப் போகிற பல் நிரந்தரமாய்க் கறைபடும். பல்லுக்கென்று வாங்கியது பல்லையே கெடுக்கிறது! பேதிக்கும் பல்லுக்கும் ஒன்றாகவே விற்கிறார்களே, ஓபிளாக்சசினையும் ஆர்னிடசோலையும் சேர்த்துப் பிசைந்த மாத்திரை, அதில் முதலாவதன் இனம் தசைநாரை அறுக்கக்கூடும் என்று அமெரிக்க சர்க்கார் 2008-லேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. குடலிலுள்ள நல்ல கிருமிகளும் கூடவே சாவதால் வயிற்றுப்போக்கு காண்பது சகஜம். கிளிண்டாமைசின் போன்றவற்றால் சிலருக்குக் குடலே புண்ணாகி உயிராபத்து வருகிறது. 2021-ல் அமெரிக்க இருதய சங்கத்தார் பல் வைத்தியத்திற்கு முன் கொடுக்கும் மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியே விட்டார்கள்.

இதைக் கேட்டவுடன், "அதனால்தான் பக்க விளைவே இல்லாத நம் நாட்டுப் பஞ்சகவ்யம்" என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1941-ல் ஆக்ஸ்போர்டில், முகமெல்லாம் விஷம் ஏறிய ஒரு போலீஸ்காரருக்கு முதன்முதலாகப் பென்சிலின் ஏற்றினார்கள். உலகத்திலிருந்த மருந்தே சொற்பம். அவர் கழித்த சிறுநீரையும் வீணாக்காமல் அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே ஏற்றினார்கள். தேறிக் கொண்டிருந்தவர் மருந்து தீர்ந்து போனதால் இறந்து போனார். அந்த டாக்டர்களுக்கு மூத்திரம் புனிதமாய் இருக்கவில்லை. அதில் எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கத் தெரிந்திருந்தது. அளக்காமலே ஆட்டின் மூத்திரத்தை விட்டு மாட்டின் மூத்திரத்தை மட்டும் மருந்து என்பவர்கள் நமக்கு வைத்தியம் சொல்ல வரவேண்டாம்.

மருந்து போதாமல் ஒருவர் செத்த காலம் அது. மருந்து மிஞ்சிப் பலர் சாகிற காலம் இது. பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் 1928-ல் கண்டார். இங்கே முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தரவை அமுலுக்குக் கொண்டுவந்த அதே வருஷம். 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கின மேடையிலேயே அவர் ஒரு எச்சரிக்கை செய்தார். கடையில் யாரும் வாங்கலாம் என்றாகிவிட்டால், விவரமறியாதவன் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமியைக் கொல்லாமல் அதற்கு மருந்தைப் பழக்கிவிடுவான். அவனிடமிருந்து அந்தப் பழகின கிருமி அவன் மனைவிக்குத் தொற்றும். அவளுக்குப் பென்சிலின் பலிக்காமல் அவள் செத்துப்போவாள் என்று கதையாகவே சொன்னார். தப்பு செய்தவன் ஒருவன், சாகிறவள் வேறொருத்தி! நாலு கேப்சூல் அட்டையைப் பார்த்தபோது நமக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

கதை நிஜமாகியும் விட்டது. 2019-ம் வருஷத்தில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் கணக்கு வெளியாயிற்று. நம் நாட்டில் பிறந்து 1 மாதத்துக்குள் இப்படிப்பட்ட கிருமியால் இறக்கும் சிசுக்கள் வருஷத்துக்குச் சுமார் 58,000 என்பது 2013-ல் லான்செட் பத்திரிகையில் வந்த மதிப்பீடு. இந்தச் சிசுக்களுக்குப் பல்லும் இல்லை, பல்வலியும் இல்லை. எல்லாப் பழியும் பல்லுக்கல்ல, கோழிப்பண்ணை முதல் ஜலதோஷம் வரையில் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் பல்லுக்காக எழுதப்படுகிற பங்கு சின்னதல்ல. அமெரிக்காவில் வெளிநோயாளிகளுக்கு எழுதப்படும் கிருமிக்கொல்லிச் சீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பல் வைத்தியர்கள் எழுதுவது.

2010-ல் என்ன நடந்தது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் குமாரசாமி கார்த்திகேயன் முதலானோர், கடைசிக் கை மருந்துக்கும் அடங்காத என்.டி.எம்.-1 என்ற சங்கதி சென்னை முதலிய ஊர்களின் நோயாளிகளிடம் பரவியிருப்பதை வெளியிட்டார்கள். அதற்கு டில்லியின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. உடனே டில்லி சர்க்காருக்கும் தேசபக்த கனவான்களுக்கும் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கிருமி இருப்பதற்கல்ல, கிருமிக்கு டில்லி என்று பெயர் வைத்ததற்கு! பெயரில்தான் மானமிருக்கிறது என்று நினைக்கிற கூட்டம் வேறெப்படி நடந்துகொள்ளும்?

இனி குற்றவாளி யாரென்று பார்ப்போம். வெள்ளக்கடைக் கூலிக்காரரா? அவர் கீழே இறங்கிச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது, பஸ் சார்ஜ் போகிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பல்வலிக்காரன் ஒவ்வொரு வளைவிலும் எப்படியிருப்பான் என்பதைப் பல்வலி வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனாலும் அன்றைக்கே வேலை முடியுமென்று நிச்சயமில்லை. கேப்சூலோ கையிலிருக்கிற சில்லறைக்குக் கிடைக்கிறது. ஆகவே அவர் வாங்குகிறார். அதில் அவர் கேள்வி கேட்காததுதான் அவர் குற்றம், அவ்வளவே.

கடைக்காரர்? மருந்துச் சட்டத்தின் எச் அட்டவணைப்படி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கின்றது. சிவப்புக் கோடும் போட்டிருக்கின்றது. மேலான சில மருந்துகளுக்கு எச்-1 என்று 2014 மார்ச்சு முதல் தனி ரிஜிஸ்தரே வைக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு நாலாய்க் கொடுப்பது எந்த யோக்கியதையைச் சேர்ந்தது? வெட்டும்போது மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் கடையில் தங்கும் பாதியோடு போய்விடுகிறது. நமது தோழருக்குப் பெயர் தெரியாமற் போனதற்கு இதுதான் காரணமோ என்னவோ.

பல் வைத்தியர்களில் சிலரையும் விடுவதற்கில்லை. எந்தப் பல்லைப் பிடுங்கினாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று 5 நாளைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்பதும், "சாமி இருந்தாலும் இருக்கும், ஒரு கும்பிடு போட்டு வைப்போம்" என்பதும் ஒன்றுதானே? படித்தவர்கள் கும்பிட்டால் அது பகுத்தறிவாகி விடுமா? நோயாளிதான் கேட்கிறார் என்று சமாதானம் சொல்வார்கள். நோயாளி கேட்பதை எழுதிக் கொடுப்பதற்கு டாக்டர் எதற்கு, கடைக்காரரே போதுமே!

பெரிய குற்றவாளி சர்க்கார். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் வீடு தேடி மருந்து கொடுக்கும் நமது சர்க்காரைப் பாராட்டுகிறோம். ஆனால் பல்லுக்கு மருந்து வீடு தேடி வந்து பிரயோஜனமில்லை. நாற்காலியும் கருவியும் கையும் வரவேண்டும். மலைக் கிராமங்களுக்கு மாதத்தில் குறித்த நாளில் பல் வைத்தியரும் கருவிகளும் உள்ள வண்டி வருமானால், வருகிற நாள் முன்கூட்டியே தெரியுமானால், எவன் கேப்சூல் தேடிப் போகப் போகிறான்? தோட்ட முதலாளிமார்களும் அன்றைய கூலியைப் பிடிக்காமலிருக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2024-ல் சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை போடத் தொடங்கினார்கள். இங்கும் போடட்டும். ஆனால் மலையில் பல் வைத்தியரை ஏற்படுத்தாமல் கடையை மட்டும் பூட்டினால் மறுபடியும் கண்டங்கத்திரிப் புகைக்காரன்தான் வந்து உட்காருவான் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கின்றோம்.

அந்தத் தோழரை மறுநாளே சேலத்துக்கு அழைத்துப் போனோம். சீழை வடித்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். முகத்தில் வீக்கம் பரவியிருந்ததால் அவருக்கு டாக்டரே அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்து, எத்தனை நாள், எத்தனை வேளை என்பதையும், முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமற் போனதுண்டா என்பதையும் கேட்டுச் சொல்லி, மூன்றாம் நாள் வந்து காட்டச் சொன்னார். ஆம், அதே இனத்து மருந்துதான்! இந்த முறை தோழர் அட்டையின் பின்புறத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டி வாசித்து, "இது எதுக்குங்க, இது எப்ப நிறுத்தறதுங்க" என்று டாக்டரை அரைமணி நேரம் விடவில்லை. பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது.

மலைமேல் உள்ள தோழர்கள், தங்கள் ஊரிலிருந்து பல் வைத்தியரிடம் போய்வர ஆகும் செலவு, இழக்கும் கூலி, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்துகள் ஆகிய விவரங்களை, கடைப் பெயர் ஆள் பெயர் இல்லாமல் நமக்கு எழுதியனுப்பினால், சேர்த்து ஒரு மனுவாக்கிச் சுகாதார மந்திரிக்கு அனுப்பச் சித்தமாயிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லவும்.